பெருமூளை வாதம்: கால்பலமும் நடையும் பற்றிப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் கேரள எல்லையை ஒட்டிய மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை வட்டாரத்துக் குடும்பங்கள் ஒரு வாரம் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனை, மறுவாரம் திருவனந்தபுரம் என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அலைகின்றன. ஓரிடத்தில் "இறுக்கத்தைக் குறைக்கணும்" என்கிறார்கள். இன்னோரிடத்தில் "பலம் கூட்டணும்" என்கிறார்கள். ஊர் ஆசான் (நாட்டு வர்ம வைத்தியர்) "உழிச்சல் (எண்ணெய் தடவி உழிதல்) போட்டால் போதும்" என்கிறார். இதில் எது எதற்கு உதவும், எது உதவாது என்று பெற்றோர் கேட்கிற வரிசையிலேயே இங்கே பதில் எழுதியிருக்கிறோம்.

அடிபட்டது மூளையில்தானே? பிறகு காலில் ஏன் பலம் இல்லை?

பிறப்பதற்கு முன்போ, பிறக்கும்போதோ, பிறந்த கொஞ்ச காலத்திலோ மூளையில் பட்ட காயம்தான் பெருமூளை வாதத்துக்குக் காரணம். அந்தக் காயம் அப்படியே நிற்கும், வளராது. ஆனால் அந்த மூளையின் கட்டளைக்குக் கட்டுப்பட்ட தசை ஆண்டுக்கு ஆண்டு மாறிக்கொண்டே போகும். நடப்பது என்னவென்றால், மூளையிலிருந்து கட்டளை அரைகுறையாக வருகிறது. அதனால் தசையிலுள்ள இழைகளில் ஒரு பகுதிதான் வேலை செய்கிறது. வேலை குறைந்த தசை பருமனிலும் குறைகிறது. எலும்பு நீளும் வேகத்துக்குத் தசை நீளாததால் அது குட்டையாகவும் ஆகிறது. உள்ளே சுருங்கி இழுக்கும் நுண்ணிய அலகுகள் எண்ணிக்கையில் குறைந்து, இருப்பவை அளவுக்கு மீறி இழுபட்டுக் கிடக்கின்றன. அந்த நிலையில் அவற்றால் முழு விசையோடு இழுக்க முடியாது. இதெல்லாம் போதாதென்று, முழங்காலை நீட்டும் தசை இழுக்கும் அதே நேரத்தில் மடக்கும் தசையும் எதிர்த்து இழுக்கிறது. பிள்ளை செலவழிக்கும் பலத்தில் பாதி தன்னோடு தானே மல்லுக்கட்டுவதில் போய்விடுகிறது.

தொட்டால் கல் மாதிரி இருக்கு. இறுகின தசை பலமான தசைதானே?

இல்லை. பெற்றோரை அதிகம் ஏமாற்றுவது இதுதான். இறுக்கம் என்பது, தசையைச் சட்டென்று இழுக்கும்போது அது தானாகக் காட்டும் எதிர்ப்பு. பலம் என்பது, பிள்ளை நினைத்தபோது அந்தத் தசையால் உண்டாக்க முடிகிற விசை. வீட்டிலேயே பார்க்கலாம். பிள்ளையைப் படுக்கவைத்து முழங்காலை நீட்டிப் பிடித்துக்கொண்டு பாதத்தை மெல்ல மேலே தள்ளுங்கள், பிறகு வேகமாகத் தள்ளுங்கள். மெல்லத் தள்ளும்போது வரும் பாதம் வேகமாகத் தள்ளும்போது தடுத்தால் அது இறுக்கம். எவ்வளவு மெல்லத் தள்ளினாலும் ஒரே இடத்தில் நின்றுவிட்டால் தசை குட்டையாகிவிட்டது என்று பொருள். இனி அதே பிள்ளையைச் சுவரைப் பிடித்து ஒற்றைக்காலில் நின்று குதிகாலைத் தூக்கச் சொல்லுங்கள். கல் மாதிரி இருந்த கெண்டைக்காலால் ஒரு தடவைகூடத் தூக்க முடியாமல் போகலாம். பலக்குறைவு என்பது அதுதான். இறுக்கம், குட்டை, பலக்குறைவு மூன்றுக்கும் வைத்தியம் வெவ்வேறு என்பதால் இதை முதலில் பிரித்துப் பார்த்துவிட வேண்டும்.

பளு தூக்கினால் இறுக்கம் கூடிவிடும் என்று சொல்கிறார்களே?

பல பத்தாண்டுகளாகத் தெரபிஸ்டுகளுக்கே அப்படித்தான் கற்பிக்கப்பட்டது. 1990-களில் அமெரிக்காவில் டயான் டமியானோ முதலானவர்கள் பளுப்பயிற்சி கொடுத்து அளந்து பார்த்தார்கள். பலம் கூடியது, இறுக்கம் கூடவில்லை. பிறகு வந்த ஆய்வுகளும் அதையே காட்டின. முயற்சி செய்யும் அந்த நேரத்தில் கை மடங்கும், வாய் கோணும், கால் விறைக்கும். ஓய்வெடுத்த சில நிமிடங்களில் அது தணிந்துவிடும். அதைப் பார்த்துப் பயந்து பயிற்சியை நிறுத்த வேண்டாம்.

எங்கள் பிள்ளை நடக்குமா?

எல்லாப் பெற்றோரும் மனத்துக்குள் முதலில் கேட்பது இதுதான். நேராகப் பதில் சொல்வது நம் கடமை.

2 வயதுக்குள் கையை ஊன்றாமல் தனியாக உட்கார்ந்துவிட்ட பிள்ளைகளில் பெரும்பாலோர் ஏதோ ஒரு வகையில் நடப்பார்கள். 4 வயதாகியும் தனியாக உட்கார முடியாத பிள்ளை துணையின்றி நடப்பது மிக அரிது. இதற்கு மேல் துல்லியமாகச் சொல்ல, பிள்ளை உட்காரும், நடக்கும் திறனை வைத்துப் பிரிக்கும் ஜி.எம்.எஃப்.சி.எஸ். என்ற 5 நிலை வகைப்பாடு உதவும். கனடாவில் பாலிசானோ முதலானவர்கள் 1997-இல் உருவாக்கி, 2007-இல் 18 வயதுவரை விரித்தது. 1-ஆம் நிலைப் பிள்ளை நடக்கும், ஓடும், வேகமும் நிதானமும் கொஞ்சம் குறையும். 2-ஆம் நிலைக்குப் படியேறக் கைப்பிடி வேண்டும், கரடுமுரடான தரையும் நீண்ட தூரமும் கஷ்டம். 3-ஆம் நிலை வாக்கரோ ஊன்றுகோலோ வைத்து நடக்கும், தூரம் போக சக்கர நாற்காலி. 4-ஆம் நிலைக்குப் பெரும்பாலும் சக்கர நாற்காலி, ஆள்துணையோடு நிற்க முடியும். 5-ஆம் நிலையில் தலையையும் உடம்பையும் நிமிர்த்தி வைப்பதே பாடு.

உங்கள் பிள்ளை எந்த நிலை என்று தெரபிஸ்டிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். 2 வயதுக்குப் பிறகு இந்த நிலை பெரும்பாலும் மாறுவதில்லை. அதற்காகப் பயிற்சி வீண் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த நிலைக்குள்ளேயே எவ்வளவு தூரம், எவ்வளவு வேகம், எத்தனை படி என்பதில் பெரிய வேறுபாட்டைக் கொண்டுவர முடியும். 1-ஆம் நிலைப் பிள்ளை தன் இயக்கத் திறனில் 90 விழுக்காட்டை ஏறக்குறைய 5 வயதிலும், 5-ஆம் நிலைப் பிள்ளை 3 வயதுக்குள்ளும் எட்டிவிடும். "வளர்ந்தால் சரியாகும்" என்று காத்திருக்க நேரமில்லை என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

எந்தத் தசைக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும்?

தொடையின் முன்தசைக்கு எல்லோரும் கொடுக்கிறார்கள். விட்டுப்போவது கெண்டைக்காலும் புட்டமும்.

நின்றுகொண்டிருக்கும்போது முழங்கால் முன்னால் மடங்கி விழாமல் பிடித்து வைப்பதில் கெண்டைக்காலின் உள்தசைக்குப் பெரும் பங்கு உண்டு. பாதம் தரையில் ஊன்றியிருக்கும்போது அது முழங்காலுக்குக் கீழுள்ள கணைக்காலெலும்பைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கிறது, அதனால் முழங்கால் தானே நிமிர்கிறது. அந்தத் தசை தளர்ந்தால் பிள்ளை முழங்காலை மடக்கிக் குந்தினாற்போல் நடக்கும். அப்போது உடல் எடை முழுவதையும் தொடைத்தசை சுமக்க வேண்டிவரும், முழங்கால்சில்லு வலிக்கும், பத்தடி நடப்பதற்குள் களைத்துவிடும். புட்டத்தின் பின்தசை இடுப்பை நிமிர்த்துகிறது. பக்கத் தசை, ஒரு கால் தூக்கும்போது இடுப்பு மறுபக்கம் சாயாமல் காக்கிறது. உடம்பை இருபக்கமும் ஆட்டி ஆட்டி நடக்கும் பிள்ளைக்கு இந்தப் பக்கத் தசையில் பலம் குறைவு என்று வைத்துக்கொள்ளலாம்.

வீட்டில் செய்யக்கூடிய பயிற்சியைப் படிப்படியாகச் சொல்லுங்கள்.

சொன்னதைப் புரிந்து செய்யும் பிள்ளைக்கு, அதாவது சுமார் 5, 6 வயதுக்கு மேல், இது பொருந்தும். அதற்குச் சின்னக் குழந்தை என்றால் திண்ணையில் ஏறி இறங்குவது, குந்தி எழுந்து பொம்மை எடுப்பது, பாரமான பெட்டியைத் தள்ளுவது என்று விளையாட்டாகவே நடக்கட்டும்.

முதல் பயிற்சி, பளுவோடு உட்கார்ந்து எழுதல். எல்லாவற்றிலும் இதற்குத்தான் முதலிடம் கொடுப்போம். முழங்கால் செங்கோணத்தில் மடங்கி, இரு பாதமும் முழுதாகத் தரையில் படும் உயரத்தில் ஒரு முக்காலி வேண்டும். ஸ்பிளின்ட் (கணுக்காலையும் பாதத்தையும் பிடித்து வைக்கும் பிளாஸ்டிக் தாங்கி), ஷூ இருந்தால் போட்டுக்கொண்டே செய்யட்டும். பாதங்களை இடுப்பகலத்துக்கு வைத்து, குதிகால் முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இருக்கும்படி இழுத்து வையுங்கள். மூக்கு, கால்விரலுக்கு நேராக வரும்வரை உடம்பை முன்னால் சாய்த்துப் பிறகு எழ வேண்டும். எழுவது வேகமாக, உட்காருவது 3 எண்ணும் அளவுக்கு நிதானமாக.

முதல் 2 வாரம் பளு வேண்டாம், முறை பழகட்டும். அதன்பிறகு இரண்டு துணிப்பைகளைத் தோள்பட்டை நாடாவால் இணைத்து, ஒன்று மார்பிலும் ஒன்று முதுகிலும் தொங்கும்படி தைத்துக்கொள்ளுங்கள். பள்ளிப் பையை மட்டும் முதுகில் மாட்டினால் பிள்ளை பின்னால் சரியும். உள்ளே அரைக்கிலோ அரிசிப் பொட்டலங்கள். 15 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு முன்னும் பின்னும் ஒவ்வொன்று, ஆக 1 கிலோவில் தொடங்கலாம். சரியான பளு எது? 8 முதல் 12 தடவை எழ முடிய வேண்டும், கடைசி இரண்டு தடவை கஷ்டப்பட வேண்டும். 20 தடவை சிரித்துக்கொண்டே எழுந்தால் அந்தப் பளு போதாது. பயிற்சி பலன் தராமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் பளு போதாததுதான்.

இப்படி 3 சுற்று. சுற்றுக்கு நடுவே 1 முதல் 2 நிமிடம் ஓய்வு. வாரம் 3 நாள், ஒருநாள் விட்டு ஒருநாள். தசை வளர்வது ஓய்வு நாளில் என்பதால் தினமும் செய்ய வேண்டாம். அடுத்தடுத்த இரண்டு பயிற்சி நாளிலும் மூன்று சுற்றிலும் 12 தடவை முடித்துவிட்டால் அரைக்கிலோ கூட்டுங்கள். குறைந்தது 12 வாரம். 2016-இல் வெளியான, பெருமூளை வாதம் உள்ளவர்களுக்கான உடற்பயிற்சிப் பரிந்துரையும் 12 முதல் 16 வாரம் என்றுதான் சொல்கிறது. ஒரு மாதத்தில் "மாற்றமில்லை" என்று விட்டுவிடும் குடும்பங்களே அதிகம். முதல் சில வாரத்தில் கூடும் பலம் நரம்பு பழகியதால் வருவது, தசை பருக்க அதற்கு மேல் காலம் பிடிக்கும்.

எழும்போது இரு முழங்காலும் உள்ளே வந்து ஒட்டினால் பளு அதிகம், குறையுங்கள். முழங்கால்களுக்கு நடுவே ஒரு சிறு தலையணையை விழாமல் பிடிக்கச் சொல்வது சரியான வழியல்ல, அது உள்ளே இழுக்கும் தசைக்குத்தான் வேலை கொடுக்கும். தொடைகளைச் சுற்றிப் பழைய சைக்கிள் டியூபை வளையமாக முடிந்து போட்டு, அதை வெளியே தள்ளியபடி எழச் சொல்லுங்கள்.

இரண்டாவது, குதிகால் தூக்குதல். சுவரைப் பிடித்துக்கொண்டு, ஸ்பிளின்ட் இல்லாமல், இரு காலிலும் 10 தடவை. பிறகு இரு காலில் தூக்கி ஒரு காலில் இறக்குதல். முழங்கால் நேராக இருக்க வேண்டும். எப்போதும் நுனிக்காலில் நிற்கும் பிள்ளை என்றால், குதிகால் முழுதும் தரைக்கு வந்து பிறகு எழும்பினால்தான் ஒரு தடவை என்று எண்ண வேண்டும்.

மூன்றாவது, 10 சென்டிமீட்டர் உயரப் பலகையில் பக்கவாட்டில் ஏறி இறங்குதல். கட்டில் விளிம்பைப் பிடித்துப் பக்கவாட்டில் நடப்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். இரண்டும் இடுப்பின் பக்கத் தசைக்கு.

எதையும் பள்ளி விட்டு வந்த உடனே செய்ய வைக்காதீர்கள். இந்தப் பிள்ளைகளுக்கு நடப்பதற்கே மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு ஆற்றல் செலவாகிறது. அடம்பிடிப்பது போலத் தெரிவது பலநேரம் களைப்புதான்.

மூன்று மாதம் செய்தோம். பலம் கூடியது, நடை மாறவில்லையே?

உங்கள் பயிற்சியில் குறையில்லை. ஆய்வுகளிலும் இதுவே நடந்தது. ஆஸ்திரேலியாவில் இளம்வயதினரிடம் நடத்தி 2013-இல் வெளியான ஆய்வு ஒன்றில் பளுப்பயிற்சியால் கால்பலம் கூடியது, 6 நிமிட நடைதூரம் கூடவில்லை. காரணம் உண்டு. நடக்கும்போது ஒரு தசை பலத்தைக் காட்டக் கிடைப்பது ஒரு நொடிக்கும் குறைவான நேரம். மெதுவாகத் தூக்கிப் பழகிய தசை அந்த நேரத்துக்குள் விசையைக் கூட்டுவதில்லை. அதோடு, எந்தத் தசை எப்போது இழுக்க வேண்டும் என்ற ஒழுங்கு மூளையில் இருக்கிறது, அதை நடந்துதான் பழக்க முடியும்.

ஆகவே இரண்டைச் சேருங்கள். ஒன்று, வேகம். நெதர்லாந்தில் 14 வாரம், வாரத்துக்கு 3 தடவை, ஓடுவது, தள்ளுவது போன்ற வேலைகளையே பளுவோடு வேகமாகச் செய்யவைத்த ஆய்வில் (2017) பிள்ளைகளின் நடைத்திறன் முன்னேறியது. வீட்டில் இதற்குச் சிறு தள்ளுவண்டியோ சக்கரம் வைத்த பெட்டியோ போதும். உள்ளே பளு வைத்து 10 மீட்டர் தூரம் முடிந்தவரை வேகமாகத் தள்ளி, நின்று, திரும்பத் தள்ளட்டும்.

இரண்டு, நடைக்கென்றே தனி நேரம். வாரம் 3 நாளாவது 20 நிமிடம். நம் வட்டாரத்தில் சமதரையைத் தேடுவதுதான் கஷ்டம். ரப்பர் விளைக்குள் போகும் சரிவுப் பாதையும் வீட்டு முற்றத்து ஏற்றமும் எங்கும் உண்டு. ஏற்றம் கெண்டைக்காலுக்கும் புட்டத்துக்கும் பயிற்சி. இறக்கம் தொடைத்தசைக்குக் கடினமான பயிற்சி, முழங்கால் மடங்கிவிடும். அதனால் முதல் மாதம் ஏற்றம் மட்டும் நடக்கவைத்து, இறங்கும்போது கை கொடுங்கள். மழை நனைத்த செம்மண் சரிவு வேண்டவே வேண்டாம்.

"நல்லா நடக்கணும்" என்று இலக்கு வைக்காதீர்கள். வீட்டு வாசல் மூன்று படியைக் கைப்பிடி பிடித்துத் தானே இறங்குவது, வகுப்பிலிருந்து கழிப்பறைவரை நிற்காமல் போவது என்று வைத்துக்கொண்டு, அதையே தினமும் பழக்குங்கள். எதைப் பழக்குகிறோமோ அதுதான் வரும்.

முன்னேற்றத்தை எப்படி அளப்பது?

முற்றத்தில் 10 மீட்டர் கயிறு போட்டு, 1 நிமிடத்தில் வேகமாக நடந்து எத்தனை மீட்டர் போகிறது என்று குறியுங்கள். 30 நொடியில் முக்காலியிலிருந்து எத்தனை தடவை எழுகிறது என்று எண்ணுங்கள். 6 வாரத்துக்கு ஒருமுறை, அதே ஷூ, அதே ஸ்பிளின்ட், அதே நேரம். பக்கத்திலிருந்து ஒரு வீடியோவும் எடுத்து வையுங்கள், டாக்டருக்கு அது பேருதவி.

ஸ்பிளின்ட் போட்டால் தசை சோம்பேறியாகிவிடாதா?

சரியான ஸ்பிளின்ட் நடக்கும் தூரத்தைக் கூட்டும், நடக்கிற தசை வேலை செய்யத்தான் செய்யும். தவறான ஸ்பிளின்ட் கெடுக்கும். அதனால் வகை தெரிந்திருக்க வேண்டும். கணுக்காலில் கீல் வைத்தது, முழங்காலை நேராக வைத்தபடி பாதம் செங்கோணத்துக்கு மேலும் கொஞ்சம் வரும் பிள்ளைக்கு மட்டும். குந்தி நடக்கும் பிள்ளைக்குக் கீல் வைத்தால் இன்னும் குந்தும். அப்படிப்பட்ட பிள்ளைக்குக் கீலில்லாததோ, முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் தகடு வந்து தரையின் எதிர்விசையால் முழங்காலைப் பின்னுக்குத் தள்ளுகிறதோ வேண்டும். ஆனால் கையால் நீட்டினாலே முழங்கால் 15 பாகைக்கு மேல் மடங்கியே நிற்குமானால் முன்தகடு பலன் தராது.

புதிது வந்ததும் முதல் நாள் 1 மணிநேரம், பிறகு கூட்டிக்கொண்டே போய் ஒன்றிரண்டு வாரத்தில் முழுநாள். கழற்றியதும் சிவந்த இடம் 20, 30 நிமிடத்தில் மறைய வேண்டும். மறையாவிட்டால் செய்து கொடுத்தவரிடம் எடுத்துப்போங்கள், நீங்களே சூடுகாட்டி வளைக்க வேண்டாம். குதிகால் பின்சுவரில் ஒட்டி உட்கார்ந்திருக்க வேண்டும். கணுக்கால் பட்டை தளர்ந்தால் குதிகால் மேலே எழும்பி, போட்டும் போடாததுபோல் ஆகிவிடும். ஷூ ஒரு அளவு பெரிதாக வாங்கி உள்பட்டையை எடுத்துவிடுங்கள். நம் ஊரில் ஜூன் மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. ஈரக் காலுறை தோலை அறுக்கும், பள்ளிப் பையில் மாற்று ஜோடி இருக்கட்டும். ஸ்பிளின்டை சோப்புத் துணியால் துடைத்து நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் வைத்தால் பிளாஸ்டிக் கோணிவிடும்.

வாக்கர் முன்னால் தள்ளுவதா, பின்னால் இழுப்பதா?

முன்னால் சாய்ந்து விழுகிற பிள்ளைக்குப் பின்னால் இழுக்கும் வாக்கர் உடம்பை நிமிர்த்திப் பிடிக்கும். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பு எங்கே வருகிறதோ, கைப்பிடி அந்த உயரத்தில் இருக்கட்டும். 6 மாதத்துக்கு ஒருமுறை உயரத்தைச் சரிபாருங்கள்.

ஆசானிடம் உழிச்சல், வர்ம வைத்தியம், ஆயுர்வேதக் கிழி. இவற்றால் நடப்பானா?

நம் மாவட்டத்தில் இந்தக் கேள்வி வராத வீடு இல்லை. இளஞ்சூட்டு எண்ணெயில் மெல்லத் தடவினால் பிள்ளைக்குச் சுகம், தூக்கம் வரும், கொஞ்ச நேரம் தசை இளகும். அந்த இளகிய நேரத்தில் நின்று நடக்கப் பழக்கினால் நல்லது. ஆனால் தடவிக்கொடுப்பதால் தசைக்குப் பலம் கூடாது. தசை தானாக வேலை செய்தால்தான் பலம் கூடும், பிள்ளை சும்மா படுத்திருக்க இன்னொருவர் கை செய்கிற எதனாலும் கூடாது. இரண்டு மாத உழிச்சலுக்காகப் பிசியோவையும் பள்ளியையும் நிறுத்துவதைத்தான் வேண்டாம் என்கிறோம்.

காலை மிதித்து உழிதல், இடுப்பைப் பிரித்து அமுக்குதல், முழங்காலை வலுக்கட்டாயமாக நீட்டுதல் ஆகியவற்றுக்கு ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். நடக்காத பிள்ளைக்கு எலும்பு அடர்த்தி குறைவு, வலிப்பு மருந்து நெடுநாள் சாப்பிட்டால் இன்னும் குறையும், தொடையெலும்பு எளிதில் முறியும். நழுவத் தொடங்கிய இடுப்பை அமுக்குவதும் ஆபத்து. எந்த எண்ணெய் வைத்தியத்துக்காகவும் வலிப்பு மருந்தையோ, இறுக்கத்தைக் குறைக்கும் பாக்லோஃபென் மருந்தையோ நிறுத்தாதீர்கள். பாக்லோஃபெனைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பும் கடும் விறைப்பும் வரலாம்.

போடாக்ஸ் ஊசி?

இறுக்கத்தைக் குறைக்கும். ஒரு வாரத்துக்குள் வேலை தொடங்கி, 3, 4 மாதத்தில் தணியும். ஊசி போட்ட தசை அந்தக் காலத்தில் பலமும் குறையும். ஆகவே ஊசி போட்டுவிட்டு வீட்டில் சும்மா இருந்தால் காசும் போகும், பலமும் போகும். அந்த 3 மாதம்தான் ஸ்பிளின்டும், எதிர்த்தசைக்குப் பயிற்சியும், நடைப்பழக்கமும் கூடுதலாக நடக்க வேண்டிய காலம்.

குதிகால் நரம்பை வெட்டிவிட்டால் சரியாகிவிடும் என்றார்களே?

மக்கள் நரம்பு என்று சொல்வது குதிகால் தசைநாரை. ஒரு பக்கம் மட்டும் பாதித்த பிள்ளைக்கு, தசை உண்மையிலேயே குட்டையாகிவிட்டால் அதை நீட்டுவது பலன் தரும். இரு காலும் பாதித்த பிள்ளைக்கு அதை மட்டும் தனியாக, அதுவும் சின்ன வயதில், அளவுக்கு மீறி நீட்டினால், முதல் வருடம் பாதம் தரையில் படுவதைப் பார்த்து எல்லோருக்கும் சந்தோஷம். பத்துப் பன்னிரண்டு வயதில் உடல் எடை கூடும்போது, தளர்ந்த கெண்டைக்கால் முழங்காலைப் பிடித்து நிறுத்த முடியாமல் பிள்ளை குந்தி நடக்கத் தொடங்கும். அதைத் திருத்துவது நுனிக்கால் நடையைத் திருத்துவதைவிட மிகக் கடினம்.

இடுப்பு, முழங்கால், கணுக்கால், எலும்புத் திருகல் எல்லாவற்றையும் கணக்கிட்டு ஒரே தடவையில் செய்யும் பலமட்ட அறுவையைப் பெரும்பாலும் 6 முதல் 12 வயதுக்குள் செய்கிறார்கள். அறுவைக்கு முன் கேட்க வேண்டியவை: நடையை வீடியோவிலோ நடை ஆய்வுக்கூடத்திலோ ஆராய்ந்தீர்களா? தசை குட்டையா, இறுக்கமா? பின்னால் யார் பயிற்சி கொடுப்பார்கள்? அறுவைக்குப் பின் பலம் முதலில் குறையும். பழைய நிலைக்கு வரவே மாதங்கள் ஆகும், முழுப் பலன் தெரிய ஒரு வருடத்துக்கு மேல். அந்த ஒரு வருடப் பயிற்சிக்கு வழியில்லை என்றால் தேதியைத் தள்ளிப்போடுவதே மேல்.

வலி ஒன்றும் இல்லை. இடுப்பு எக்ஸ்ரே எதற்கு?

வலி வரும்போது இடுப்புமூட்டு பாதி நழுவியிருக்கும். 3, 4, 5-ஆம் நிலைப் பிள்ளைகளுக்கு 2 வயதிலிருந்தே, 6 மாதம் முதல் 1 வருடத்துக்கு ஒருமுறை இடுப்பு எக்ஸ்ரே வேண்டும். தொடையெலும்புத் தலையில் 30 விழுக்காட்டுக்கு மேல் கிண்ணத்துக்கு வெளியே போயிருந்தால் எலும்பு மருத்துவரிடம் உடனே காட்டுங்கள்.

ரோபோ நடைப்பயிற்சி?

திருவனந்தபுரத்தில் ஜென்ரோபாட்டிக்ஸ் நிறுவனம் உருவாக்கிய ஜி-கெய்டர் போன்ற இயந்திரங்கள் கேரளத்தில் பயன்பாட்டில் உள்ளன. அதிக எண்ணிக்கையில் அடியெடுத்து வைக்க வைப்பது அவற்றின் பலம். அதே அளவு நேரம் தரையில் நடந்து பழகுவதைவிட மேலானது என்று நிலைநாட்டப்படவில்லை. பக்கத்தில் கிடைத்தால் சேர்த்துக்கொள்ளுங்கள், அதற்காகக் கடன் வாங்க வேண்டாம்.

ஸ்டெம் செல் (மூல உயிரணு) சிகிச்சை?

வேண்டாம். பெருமூளை வாதத்துக்கு அதை ஆராய்ச்சிக்கு வெளியே, காசு வாங்கிக் கொடுப்பதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நெறிமுறைகள் ஏற்கவில்லை. ஆக்சிஜன் அறைச் சிகிச்சைக்கும் பலன் நிரூபிக்கப்படவில்லை.

சாப்பாட்டில் என்ன சேர்க்கணும்?

பயிற்சி செய்யும் தசைக்குப் புரதம் வேண்டும். மரச்சீனிக் கிழங்கில் அது மிகக் குறைவு, வயிறு மட்டும் நிறையும். கிழங்கைக் குறைத்துச் சாளை, நெத்தோலி, முட்டை, சிறுபயறு சேருங்கள். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம். மெல்ல முடியாத பிள்ளைக்கு மீனை முள்ளெடுத்து மசித்துத் தாருங்கள். சாப்பிடும்போது அடிக்கடி புரையேறினால் விழுங்குவதைப் பரிசோதிக்க வேண்டும். 3, 4-ஆம் நிலைப் பிள்ளைகளுக்கு எடை கூடிப்போவதும் கெடுதி, சில கிலோ கூடினாலே நடை நின்றுவிடலாம்.

எங்கள் பிள்ளை நடக்காது என்று தெரிந்துவிட்டது. இனி பயிற்சி எதற்கு?

தூக்கி வைக்கும் அம்மாவின் முதுகுக்காகவும்தான். கைத்தாங்கலோடு 10 நொடி தன் காலில் எடை தாங்கி நிற்க முடிந்தால், கட்டிலிலிருந்து நாற்காலிக்கும் நாற்காலியிலிருந்து கழிப்பறைக்கும் ஒருவரே மாற்றிவிடலாம். முடியாவிட்டால் இருவர் வேண்டும். 40 கிலோ ஆகும்போது அந்த 10 நொடியின் அருமை தெரியும். நிற்கும் பலகையில் தினமும் நிற்கவைப்பது எலும்புக்கும் மலச்சிக்கலுக்கும் நல்லது. அதோடு கைபலம், கழுத்துபலம், உட்காரும் பலம்.

தமிழ்நாட்டு ஆட்கள் கேரளத்தில் வைத்தியம் பார்த்தால் உதவிகள் கிடைக்குமா?

மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டையான யு.டி.ஐ.டி. இந்தியா முழுவதும் செல்லும். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி 40 விழுக்காடும் அதற்கு மேலும் பாதிப்பு இருந்தால் சலுகைகள் உண்டு. ஆனால் உதவித்தொகை, பஸ் சலுகை, மாநில இலவசக் கருவிகள் எல்லாம் குடியிருக்கும் மாநிலத்தின் வழியாகத்தான். களியக்காவிளையில் ரேஷன் அட்டை இருந்தால் நாகர்கோவில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம், பாறசாலையில் இருந்தால் கேரள அரசு. நேஷனல் டிரஸ்ட்டின் நிராமயா காப்பீடு மத்திய அரசுடையது. ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை, தெரபிச் செலவும் அதில் சேரும், ரசீது வேண்டும். அக்கரையில், அதாவது கேரளத்தில், காட்டும்போது டிஸ்சார்ஜ் குறிப்பையும் பயிற்சிக் குறிப்பையும் ஆங்கிலத்தில் கேட்டு வாங்குங்கள். மலையாளத்தில் எழுதிய தாளை இக்கரையில் யாரும் வாசிக்காமல் கோப்பில் வைத்துவிடுவார்கள்.

நன்றாக நடந்துகொண்டிருந்த பிள்ளை இப்போது பின்வாங்குகிறது. இது இந்த நோயின் போக்குதானா?

அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது. திடீர் உயர வளர்ச்சி, எடை, சிறிதாகிப்போன ஸ்பிளின்ட், முழங்கால் வலி, இடுப்பு நழுவல் ஆகியவற்றை முதலில் பாருங்கள். பெரியவர்களில், குறிப்பாகக் கழுத்து தானாக முறுக்கும் வகையினரில், கழுத்துத் தண்டுவடம் நசுங்கியும் நடை போகலாம். கை மரத்தல், சிறுநீர்க் கட்டுப்பாடு போதல் இருந்தால் உடனே எம்.ஆர்.ஐ. வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. காலையில் நன்றாக நடந்து, மாலையாக ஆகக் கால் கோணி, தூங்கி எழுந்தால் மறுபடி சரியாகிறதா? பிரசவத்தில் சிக்கலே இல்லை, எம்.ஆர்.ஐ. சுத்தமாக இருக்கிறதா? அது பெருமூளை வாதம் அல்லாமல், லெவோடோபா மருந்துக்குக் கட்டுப்படும் டிஸ்டோனியாவாக (தசை தானாக முறுக்கும் நோயாக) இருக்கலாம். குறைந்த அளவு மருந்திலேயே பிள்ளை நடந்துவிடும். காலை ஒரு வீடியோ, மாலை ஒரு வீடியோ எடுத்து நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள்.